இரவல் பிள்ளை

ஊசிக்கல் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஒரு வளைவு இருக்கும்போதே ஸகீனா முச்சக்கரவண்டியை நிறுத்தச் சொன்னாள். நிஸாமுக்கு இது புதிதல்ல. பதுளையிலிருந்து இந்த மனுசியை ஏற்றிக்கொண்டு எத்தனையோ தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அவன் வந்திருக்கிறான். ஒன்றிலாவது வாசல் வரைக்கும் வண்டி போனதில்லை. ஹோர்ன் அடிக்கக் கூடாது, கடையடியில் நின்று வழி கேட்கக் கூடாது, யாராவது எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தால் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்ல வேண்டும். பொலிஸ்காரர் கள்ளச்சாராயம், அதுதான் கசிப்பு, பிடிக்கப் போவதுகூட இவ்வளவு பக்குவமாக நடக்காது என்று தன் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

ஸகீனா பிடிக்கப் போவது கசிப்பு அல்ல, கள்ள வாத்திமாரை. கல்வியியல் கல்லூரியில் அவள் விரிவுரையாளர். அங்கே இரண்டு வருடம் படித்து முடித்த பிள்ளைகள் மூன்றாம் வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ப் படிப்பித்துப் பழக வேண்டும். வருடக் கடைசியில் ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லாமல், ஸகீனா போய் வகுப்பின் மூலையில் உட்காருவாள். அன்றைக்கு அவள் போடுவதுதான் கடைசிப் புள்ளி. பாஸ் என்றால் அரசாங்க நியமனம், ஆயுசுக்கும் ஒரு சோறு. பெயில் என்றால் ஒரு வருடம் மண்ணாகப் போய்விடும். தோட்டத்துப் பிள்ளை என்றால் திரும்ப ஒரு வருடம் படிக்க வீட்டில் விடவும் மாட்டார்கள்.

அந்த ஒரு நாளுக்காக இந்தப் பிள்ளைகள் செய்யாத திருகுதாளம் இல்லை. அதே பாடத்தை முதல் நாளே மூன்று தரம் நடத்திப் பழக்கி வைப்பார்கள். பதில் தெரிந்தவன் வலது கையைத் தூக்கு, தெரியாதவன் இடது கையைத் தூக்கு என்று வகுப்போடு ஒப்பந்தம் பேசுவார்கள். கேள்வி கேட்டதும் வகுப்பே கை தூக்கி நிற்கும், பார்க்கிறவருக்குப் புல்லரிக்கும். ஸகீனாவுக்குப் புல்லரிக்காது. இடது கைக்காரன் ஒருவனைப் பார்த்து நீ சொல்லு என்பாள், அத்தோடு சங்கதி முடிந்தது.

போன வருடம் வெலிமடைப் பக்கம் ஒருத்தன் அதையும் தாண்டிவிட்டான். தன் மூன்றாம் வகுப்பில் மந்தமாக இருந்த நாலு பேரை மைதானத்தில் கல் பொறுக்க அனுப்பிவிட்டு, ஐந்தாம் வகுப்பிலிருந்து கெட்டிக்காரர் நாலு பேரை இரவல் வாங்கி உட்கார வைத்திருந்தான். கேட்டதற்கெல்லாம் அவர்கள் மளமளவென்று பதில் சொன்னார்கள். சொல்ல வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டுமே, அங்கேதான் பயல் மாட்டினான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முன்வாயில் ஓட்டை இருக்கும், இல்லாவிட்டால் புதிதாக முளைத்த பல் இரண்டு மண்வெட்டி மாதிரி நிற்கும். இந்த நாலு பேருக்கும் பல் வரிசை கட்டி நின்றது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். ஸகீனா பார்த்தாள், பெயில் போட்டாள், கல்லூரி முழுக்கப் 'பல்லு மெடம்' என்று பெயரும் வாங்கினாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆசிரியருக்கு வேண்டிய ஒழுக்கநெறி என்ற பாடத்தைப் படிப்பிப்பதும் இதே ஸகீனாதான். பிள்ளையை எல்லோருக்கும் முன்னால் கூனிக்குறுக வைக்காதே, பிள்ளை நம்பிச் சொன்னதை ஆசிரியர் அறையில் போய்ப் பரிமாறாதே, பிள்ளை சொல்வதை முதலில் நம்பு என்று வருடா வருடம் தொண்டை வறளச் சொல்வாள். ஒருநாள் ஒரு பெட்டைப்பிள்ளை துணிந்து, எங்களை மட்டும் நீங்கள் நம்புவதில்லையே மெடம் என்று கேட்டுவிட்டாள். "நீங்க பிள்ளைகள நம்புங்க. உங்கள நம்புறதா இல்லையான்றத நான் பார்த்துக்கொள்றேன்" என்று ஸகீனா சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாள்.

இன்றைக்கு ஊசிக்கல் தோட்டத்தில் மாட்டப் போகிறவன் பெயர் சுரேஸ். பெரகலைக்குக் கீழே ஒரு தோட்டத்துப் பையன். இரண்டு வருடமும் பின் வாங்கில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டதில்லை, ஒரு வம்புக்கும் போனதில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது ஸகீனாவின் கட்சி. அதுவும் போதாதென்று, முதல் இரண்டு மேற்பார்வையிலும் மற்ற விரிவுரையாளர்கள் அவனுக்குப் புள்ளியை அள்ளிப் போட்டிருந்தார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடம், ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு, பாதிப் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு இல்லை. அங்கே போய் இவ்வளவு புள்ளி எப்படி எடுத்தான்? எடுத்திருக்க முடியாது, எடுக்க வைத்திருக்கிறான் என்று வளைவில் இறங்கி நடக்கும்போதே அவள் முடிவுகட்டிவிட்டாள்.

அதிபர் கிருஷ்ணராஜ் அவளைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். உட்காருங்கள் என்றார், தேத்தண்ணி குடியுங்கள் என்றார், பிஸ்கட் எடுத்துவரச் சொல்கிறேன் என்றார். அதிபர் ஒருவர் இப்படி உபசரித்தால் மண்டபத்தில் ஏதோ ஒழுங்கு நடக்கிறது என்று அர்த்தம். இது ஸகீனாவின் இருபது வருட அனுபவம். வேண்டாம் என்று அவள் வெளியே வந்தபோது மனுசன் கூடவே ஓடிவந்தார்.

"மெடம், வகுப்புக்குப் போறதுக்கு முந்தி ஒரு விசயம் சொல்லணும்ங்க."

"வகுப்பு முடியட்டும் சேர்" என்று ஸகீனா நடந்துகொண்டே சொன்னாள். பையன் நல்ல பையன், ஏழைப் பையன், பார்த்துச் செய்யுங்கள் என்பதைத் தவிர வேறு என்ன விசயம் இருக்கப்போகிறது என்று நினைத்தாள். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

மூன்றாம் வகுப்பு மண்டபத்தின் நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் கரும்பலகைகள்தான் சுவர். அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு பாட, இந்தப் பக்கம் நாலாம் வகுப்பில் யாரோ அடி வாங்க, நடுவில் சுரேஸ் சந்தை நடத்திக்கொண்டிருந்தான். மேசையில் மட்டைகளைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கடைச் சாமானின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். ஒரு பிள்ளை கடைக்காரன், ஒரு பிள்ளை சாமான் வாங்க வந்தவன். கரட் வேண்டும் என்றால் கரட் என்ற மட்டையைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஸகீனாவைக் கண்டதும் அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு வணக்கம் சொல்லிவிட்டுச் சந்தையைத் தொடர்ந்தான்.

நன்றாகத்தான் நடத்தினான். அதுதான் ஸகீனாவை உறுத்தியது. பிள்ளைகள் பயப்படாமல் பேசினார்கள். பிழையாக எடுத்தவனைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது திக்கினால் முழு வகுப்பும் சேர்ந்து அந்தச் சொல்லை வாசித்தது. திக்கியவனும் கூடச் சேர்ந்து வாசித்துவிட்டுப் போனான். இதென்ன புதுப் பழக்கம் என்று ஸகீனா யோசித்தாள். பஜனை மாதிரி எல்லோரும் சேர்ந்து கத்தினால் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று அவளுக்குப் பட்டது.

அப்போதுதான் கடைசி வாங்கில் இருந்த பெட்டைப்பிள்ளையைக் கண்டாள். வாங்கு உயரம் காணாமல் முழங்கால் மேசையில் இடித்தபடி, தோளைக் குறுக்கிக்கொண்டு அவள் இருந்தாள். யூனிபோம் வெள்ளையாகத்தான் இருந்தது, ஆனால் இடுப்பில் தொளதொளவென்று, வேறொருத்தியின் உடுப்பு என்று குருடனுக்கும் தெரியும். பக்கத்தில் இருந்த சின்னவள் என்னவோ சொல்ல, அவள் சிரித்தாள். பல் வரிசை கட்டி நின்றது.

அடேயப்பா, வெலிமடைக்காரன் ஐந்தாம் வகுப்பில்தான் இரவல் வாங்கினான், இவன் அதற்கும் மேலே போயிருக்கிறான் என்று ஸகீனாவுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சியே உண்டானது. கள்ளனைப் பிடித்த சந்தோசம் அது, அதை அவள் மறைக்கவும் இல்லை. புள்ளித்தாளை மடியில் வைத்து, பேனையை எடுத்து, குறிப்பு எழுதும் இடத்தில் 'வகுப்பில் இரவல் பிள்ளை இருக்கிறது' என்று எழுதி முற்றுப்புள்ளியும் வைத்தாள்.

எழுதிய பிறகு இன்னொன்றையும் கவனித்தாள். சுரேஸ் எல்லாப் பிள்ளைகளையும் மேசைக்குக் கூப்பிட்டான், அவளை மட்டும் கூப்பிடவில்லை. இரவல் வாங்கினவன் அந்தப் பிள்ளையைத்தானே முன்னால் நிறுத்திப் பெருமை காட்ட வேண்டும்? காட்டவில்லையென்றால், நான் கண்டுவிட்டேன் என்று இவன் கண்டுகொண்டான், இப்போது ஒளிக்கிறான். சந்தேகம் பிடித்த மனதுக்கு எது கிடைத்தாலும் சாட்சிதான். கூப்பிட்டிருந்தாலும் அது சாட்சியாகத்தான் இருந்திருக்கும்.

ஸகீனா எழுந்து மேசைக்குப் போனாள். இனி நான் கொஞ்சம் கேட்கிறேன் என்றாள். கடைசி வாங்கைப் பார்த்து, நீங்கள் வாருங்கள் என்று கையைக் காட்டினாள்.

சுரேஸ் ஒரு எட்டு முன்னால் வந்தான். "மெடம், அந்தப் புள்ளய மட்டும் வேணாம்ங்க."

"நீங்க இருங்க மகன்."

பெட்டை எழுந்து வந்தாள். மேசையடியில் நின்றபோது சுரேஸின் தோளுக்கு இருந்தாள். ஸகீனா ஒரு மட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். வெங்காயம் என்று எழுதியிருந்தது. வாசியுங்கள் என்றாள். பெட்டை மட்டையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த வகுப்பில் வாய்ப்பாடு நின்றுபோய், கரும்பலகைக்கு மேலால் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

"வெங்காயம்" என்று மூன்றாம் வகுப்பு முழுக்கச் சேர்ந்து கத்தியது.

"நான் அவவத்தான் கேட்டேன்" என்றாள் ஸகீனா. வகுப்பு அடங்கியது. வேறொரு மட்டையை எடுத்தாள். பால், இரண்டே எழுத்து. பெட்டையின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காது மடல் சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பை ஸகீனா கண்டாள். கண்டும், என்னமாய் நடிக்கிறாள் என்றுதான் நினைத்தாள். ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ படிக்கிற பிள்ளைக்குப் பால் என்று வாசிக்கத் தெரியாதா? மாட்டிக்கொண்டால் வாயைத் திறக்காதே என்று இவன் சொல்லி வைத்திருக்கிறான். பிள்ளையைப் பொய்யும் பழக்கியிருக்கிறான். அதை நினைத்ததும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"நடிக்க வேணாம்" என்றாள், மண்டபம் முழுக்கக் கேட்க. "எத்தினாம் வகுப்பு நீங்க? வாயத் திறந்து உண்மையச் சொல்லுங்க."

பெட்டை சுரேஸைப் பார்த்தாள். சுரேஸ் வாயைத் திறப்பதற்குள் கடைசி வாங்கிலிருந்த சின்னவள் எழும்பிவிட்டாள். டிலுக்ஷி என்று அவளுக்குப் பெயர். அழுகையும் கோபமுமாக ஒரே மூச்சில் கொட்டினாள்.

"அக்கா நடிக்கலங்க டீச்சர். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. கொழும்புல வீட்டு வேலைக்கி இருந்தாங்க. யாருக்கும் சொல்லக் கூடாது."

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று உறைத்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். ஆனால் அதற்குள் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. நாலாம் வகுப்பில் யாரோ சிரித்தார்கள். பெட்டை மட்டையை மேசையில் கவனமாக வைத்தாள். பிறகு வாங்குகளுக்கிடையில் நடந்து, இரண்டாம் வகுப்பையும் கடந்து, ஓடாமல், வாசலால் வெளியே போய்விட்டாள்.

ஸகீனாவின் கையில் இன்னும் ஒரு மட்டை இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. சுரேஸ் வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கி, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டு, சந்தையைத் தொடர்ந்தான். பாடத்தை நடுவில் விடாமல் முடித்தான். பெயிலாகப் போகிறோம் என்று தெரிந்த ஒருவன் அப்படி முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஸகீனா மூலையில் போய் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளைக்குப் பிள்ளைகள் வெளியே போனதும் அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பெயர் தனுஜா, பதினாலு வயது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பிறகு கொழும்பில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கப் போனாள், போன வருடம்தான் திரும்பி வந்தாள். வந்த புதிதில் பண்டாரவளைக்குப் போக வேண்டியவள், பஸ்ஸின் நிறத்தை நம்பி ஏறி வெலிமடையில் போய் இறங்கி, உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். தோட்டத்து லய வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் சுரேஸிடம் வந்து, எழுத்துப் படிக்க வேண்டும், ஆனால் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று கேட்டாள்.

வயதுக்கு ஏற்ற வகுப்பு என்றால் பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு. அங்கே போய் இந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஆகவே சேருக்கு உதவியாள் என்று பெயர் வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். வெண்கட்டி எடுத்துக் கொடுப்பாள், சின்னவர்களுக்கு மூக்குத் துடைத்துவிடுவாள், கடைசி வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சேர்ந்து வாசிக்கும் பழக்கம். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். ஒரு பிள்ளைகூட லயத்தில் போய் மூச்சு விட்டதில்லை.

யூனிபோம் எதற்கு என்று ஸகீனா கேட்டாள், கேட்கும்போதே பதில் வேண்டாம் போல இருந்தது. எந்த நாளும் அதிகாரி ஒருவர் வரலாம் என்று தனுஜா எப்படியோ அறிந்துகொண்டாளாம். யூனிபோம் இல்லாமல் ஒருத்தி வகுப்பில் இருந்தால் சேருக்குக் கரைச்சல் வரும் என்று நினைத்து, பக்கத்து லயத்துப் பெரிய பிள்ளையிடம் கெஞ்சி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நீங்க வந்து போற வரைக்கும் வராதன்னு சொல்லியிருக்கணும்ங்க மெடம்" என்றான் சுரேஸ். "காலையில கஞ்சி போட்டு மடிச்ச மாதிரி யூனிபோம போட்டுக்கிட்டு வந்து நின்னுச்சு. சொல்ல வாய் வரல."

பதியாத பிள்ளையை வகுப்பில் வைத்திருப்பது பிழை என்று ஸகீனா சொன்னாள். பிழைதான், அதிபரிடம் வாயால் மட்டும் சொன்னேன், அவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார் என்று அவன் ஒத்துக்கொண்டான். அப்படியென்றால் எனக்காவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று அவள் கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கி வாக்குக் குடுத்திருந்தேங்க. நம்பிச் சொன்னத வெளிய கொண்டு போகாதீங்கன்னு நீங்கதானுங்க மெடம் சொல்லிக் குடுத்தீங்க."

அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். இருபது வருடம் தான் படிப்பித்ததை ஒருவன் உண்மையாகவே கேட்டு வைத்திருக்கிறான் என்பதும், அதே பாடத்தைத் தான் ஐந்து நிமிடத்தில் காலால் மிதித்துவிட்டோம் என்பதும் ஒன்றாக வந்து விழ, ஸகீனாவுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. மடியிலிருந்த புள்ளித்தாளைப் பார்த்தாள். எழுதிய வரியை ஒரு கோட்டால் வெட்டினாள். கீழே வேறு எழுதினாள். அவன் எட்டிப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் தனுஜாவின் லயம் எது என்று அவள் கேட்டபோது, முதல் தடவையாகச் சுரேஸ் அவளை நேராகப் பார்த்தான். எதற்கு என்று கேட்டான். மன்னிப்புக் கேட்க என்றாள் ஸகீனா. அவன் நம்பவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. வேலைக்குப் போன பிள்ளை, பதியாத பிள்ளை என்று எங்கேயாவது எழுதிக் கொடுத்துவிடுவாளோ என்று அவன் கணக்குப் போடுவதை அவள் கண்டாள். பிறரைப் பார்த்து அவள் எத்தனை தரம் போட்ட கணக்கு அது. கடைசியில், டிலுக்ஷி பக்கத்து வீடு, அவள் கூட்டிக்கொண்டு போவாள் என்று அரைமனதாகச் சொன்னான்.

லயத்தடிப் பீலியில் இரண்டு பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கைப்பையும் குடையுமாக ஒரு டவுன்காரி ஏறி வருவதைக் கண்டதும் பேச்சு நின்றது. "வீட்டு வேலைக்கிப் புள்ள கேட்டு வந்தீங்களாக்கும்" என்றாள் ஒருத்தி. இல்லை என்று ஸகீனா சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாற ஆளெல்லாம் முதலில் இல்லை என்றுதான் சொல்லும் என்று மற்றவளிடம் சொன்னாள்.

பீலிக்கு அந்தப் பக்கம் தனுஜா இரவல் யூனிபோமைச் சவர்க்காரம் போட்டுக் கும்மிக்கொண்டிருந்தாள். ஸகீனாவைக் கண்டும் கை நிற்கவில்லை. ஸகீனா குடையை மடக்கினாள்.

"மகள், நான் செஞ்சது பெரிய பிழை" என்றாள். "என்ன மன்னிச்சிக்கொள்ளுங்க."

பீலிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தனுஜா யூனிபோமைப் பிழிந்தாள், உதறினாள், கொடியில் போட்டாள். திரும்பி நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சேர் பெயிலாங்க?"

"இல்ல மகள். பாஸ்."

"சும்மா சொல்றீங்க."

ஸகீனா திகைத்துப் போனாள். அவள் வார்த்தையை முகத்துக்கு நேரே யாரும் இப்படித் தள்ளிவிட்டதில்லை. உண்மையாகத்தான் என்றாள். தனுஜா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. புள்ளித்தாளைப் புள்ளி வாங்கினவனுக்கே காட்டக் கூடாது. ஆனாலும் ஸகீனா கைப்பையைத் திறந்து அதை எடுத்து நீட்டினாள். தனுஜா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. என்னத்த எழுதியிருந்தாலும் பாஸ்னு சொல்லலாம்ல" என்றாள். பிறகு டிலுக்ஷியைக் கூப்பிட்டு, நீ வாசி என்று தாளை அவள் கையில் கொடுத்தாள்.

எட்டு வயதுப் பிள்ளை தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஸகீனாவை ஒரு தரம் பயத்தோடு பார்த்துவிட்டு, விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். பெயர் சுரேஸ் என்று இருந்தது. வகுப்பு மூன்று என்று இருந்தது. பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது வெட்டியிருக்கு. இதயும் வாசிக்கவாக்கா?"

"வாசி" என்றாள் தனுஜா.

"வகுப்பில்... இரவல்... பிள்ளை... இருக்கிறது." டிலுக்ஷி தலையை நிமிர்த்தினாள். "இரவல் புள்ளன்னா என்னங்க டீச்சர்?"

பீலியில் தண்ணீர் குடத்தை நிறைத்து வழிந்துகொண்டிருந்தது, பெண்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஸகீனாவால் அந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்க்க முடியவில்லை, தனுஜாவின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அது நான் பிழையாக எழுதினது, அதனால்தான் வெட்டினேன், கீழே வாசியுங்கள் என்றாள்.

கீழே நீளமான வரி. டிலுக்ஷிக்கு அது இலேசில் வரவில்லை. நம்பிக்கை என்ற சொல்லில் தடுக்கி விழுந்து, எழும்பி, திரும்பத் தடுக்கி, தன் பிள்ளைகளின் நம்பிக்கையைக் காப்பாற்றத் தெரிந்த ஆசிரியர் என்று ஒருவழியாக முடித்தாள். அதற்குக் கீழே பாஸ் என்று இருப்பதையும் விரல் வைத்துக் காட்டினாள். தனுஜா குனிந்து அந்த இரண்டு எழுத்தையும் வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ஸகீனா அதை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். நாளைக்கு வகுப்புக்கு வருவீர்களா மகள் என்று கேட்க நினைத்தாள், கேட்கத் துணிவு வரவில்லை. அந்தப் பெட்டை போகாமல் விட்டால், பாஸ் போட்டும் என்ன, போடாமல் விட்டும் என்ன என்று இருந்தது.

தனுஜாவே கேட்டாள்.

"நாளைக்கி நீங்க வருவீங்களா?"

இன்றைக்கு நடந்ததற்கு ஈடாக நாளைக்கும் வந்து ஏதாவது செய்யச் சொல்கிறாள் போல என்று ஸகீனா நினைத்தாள். நாளைக்கு அவளுக்குப் பதுளையில் வகுப்பு இருந்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இல்ல மகள். இனி நான் இங்க வரமாட்டேன்."

"அப்ப நான் வகுப்புக்குப் போறேன்" என்றாள் தனுஜா.

சொல்லிவிட்டு, பக்கத்தில் வைத்திருந்த தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்குள் போனாள். டிலுக்ஷியும் பின்னாலேயே ஓடினாள். ஸகீனா குடையை விரித்துக்கொண்டு, நிஸாம் காத்து நின்ற வளைவை நோக்கி இறங்கினாள்.